சிவப்பில் எதுவும் வரக்கூடாது

கிரிவல வழித்துணைக் குழுவிடம் மூன்று சர்வர் இயந்திரங்கள் இருந்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. மூன்று பேர் நன்கொடை கொடுத்தார்கள், மூன்று இயந்திரம் வந்தது. அரிசி ஆலை முதலாளி கொடுத்தது ஒன்று, நகைக்கடைக்காரர் கொடுத்தது ஒன்று, பௌர்ணமி தவறாமல் வந்துபோகிற பெங்களூர் மனை வியாபாரி கொடுத்தது ஒன்று. ஒன்றே போதும் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் மீதி இரண்டு பேருடைய பெயர்ப் பலகையை எங்கே மாட்டுவது? ஆகவே அரிசி ஆலை இயந்திரம் அடி அண்ணாமலைப் பந்தலில் குடியேறியது. நகைக்கடை இயந்திரம் கோயில் பக்கத்துப் பந்தலுக்குப் போனது. பெங்களூர்க்காரருடையது செங்கம் சாலைக் கல்யாண மண்டபத்தில், குழுவின் தலைமையிடத்தில், சந்தனப் பொட்டோடு உட்கார்ந்தது.

கொடுத்தவர்களும் சும்மா கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் தெரிந்த உறவு ஒன்று இருந்தது. ஒருவருக்கு மருமகன், ஒருவருக்கு மச்சான், ஒருவருக்கு அக்கா பையன். மூவரும் தங்களுக்குத் தெரிந்த வெப் சர்வரை அவரவர் இயந்திரத்தில் ஏற்றி, "இதை யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

வெப் சர்வர் என்பது வாசலில் நிற்கிற ஆள் மாதிரி. போனிலிருந்து வருகிற தகவலை வாங்கி உள்ளே இருக்கும் செயலியிடம் கொடுக்கும். செயலி சொல்கிற பதிலை வாங்கிப் போனுக்குத் திருப்பி அனுப்பும். மூன்று வாசலிலும் மூன்று விதமான ஆள். ஒருவன் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கொடுப்பான். ஒருவன் பட்டியல் போட்டுக் கொடுப்பான். ஒருவன் தவணை தவணையாக நீட்டுவான். உள்ளே இருக்கிற செயலிக்கோ ஒரே ஒரு பழக்கம்தான் தெரியும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுக்கிற நிரலுக்கு அடாப்டர் என்று பெயர். அதை எழுதுவதுதான் ஆர்த்தியின் வேலை.

கல்யாண வீட்டில் முறுக்கிக்கொண்டு நிற்கிற இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே ஓடுகிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். இவர் சொன்னதை அவருக்குப் புரிகிற மாதிரியும், அவர் சொன்னதை இவருக்குப் பொறுக்கிற மாதிரியும் சொல்லிக்கொண்டிருப்பார். பந்தியில் அவருக்கு இலை போட்டார்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆர்த்தி அப்படிப்பட்ட ஆட்கள் மூன்று பேரை எழுதியிருந்தாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. கீழ்பென்னாத்தூர்க்காரி. சென்னையில் ஒன்பது வருஷம் பெரிய கம்பெனிகளுக்கு இதே வேலையைச் செய்துவிட்டு, ஊருக்குப் பக்கத்தில் வேலை கிடைக்கிறதே என்று மூர்த்தியின் அலுவலகத்தில் சேர்ந்தவள்.

மூர்த்தியின் அலுவலகம் செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெள்ளைக்காரர்கள் இஞ்சித் தேநீர் குடிக்கிற கடைக்கு மாடியில் இருந்தது. பூரணா டெக் என்று பெயர். அவருடைய அட்டையில் முதலாளி என்றோ இயக்குநர் என்றோ போட்டிருக்காது; 'முதன்மைச் சேவகர்' என்று போட்டிருக்கும். அந்தச் சேவகருக்குக் காபி கொண்டுபோக ஒரு ஆள், செருப்பை எடுத்து வைக்க ஒரு ஆள். கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால் எல்லோரும் ஒரு நிமிஷம் கண்ணை மூட வேண்டும். நிரலில் பிழை என்று சொல்லக்கூடாது, 'பாடம்' என்று சொல்ல வேண்டும். போன வருஷம் பூரணா டெக்கில் முந்நூற்றுச் சொச்சம் பாடங்கள் இருந்தன. யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

வழித்துணைக் குழுவுக்கு மூர்த்தி இலவசமாகச் செய்துகொடுத்த செயலி ஒரு நல்ல காரியத்துக்கானது. அதில் சந்தேகமில்லை. கிரிவலத்தில் லட்சக்கணக்கான பேர் நடக்கிறார்கள். கூட்டத்தில் ஆள் தவறிப்போகிறது. வழிநெடுக உள்ள பந்தல்களில் தொண்டர்கள் போனோடு இருப்பார்கள். தவறிப்போனவரின் பெயர், அடையாளம் எல்லாம் ஒரு பந்தலில் பதிவானால் அடுத்த நொடி எல்லாப் பந்தலுக்கும் தெரியும். தனியாக நிற்கிறவரைக் கண்டால் யாராவது தேடுகிறார்களா என்று பார்த்துச் சேர்த்து வைத்துவிடலாம்.

பங்குனி மாதம் வெள்ளோட்டம் நடந்தது. சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அடி அண்ணாமலைப் பந்தலில் போனைக் கையில் கொடுத்ததும் அவருக்குக் குஷி வந்துவிட்டது. காணாமல் போனவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரையே போட்டார். அடையாளத்தில் 'கம்பீரமான தோற்றம்' என்று போட்டார். பிறகு தன்னையே ஒரு படம் எடுத்துச் சேர்த்து, அனுப்பு என்பதை அழுத்தினார்.

சிவப்பு எழுத்தில் வந்தது: 'தவறு. உங்கள் தகவல் பதிவாகவில்லை.'

"ஓ, திருவண்ணாமலையில நான் தொலைஞ்சு போகக்கூட முடியாதா?" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். மூர்த்தியும் சிரித்தார், ஆனால் பல்லோடு சரி.

மறுநாள் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்ததும் ஆர்த்தியைப் பார்த்தார்.

"ஆர்த்திம்மா, இனிமே சிவப்புல எதுவும் வரக்கூடாது."

"சார், அது ஏன் வந்துச்சுன்னு பார்க்கணும். அந்த ஒரு மிஷின்லதான் வருது. ரெண்டு நாள் கொடுங்க."

"பாரு, தாராளமா பாரு. நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஆளைத் தொலைச்சிட்டு வர்றவங்க ஏற்கனவே பதட்டத்துல இருப்பாங்க. அவங்ககிட்ட போய் தவறு, பதிவாகலன்னு சொல்றது எவ்ளோ பெரிய ஹிம்சை? நாம கொடுக்க வேண்டியது அமைதி. பச்சை எழுத்துல, நல்லது, பதிவாயிடுச்சு, அண்ணாமலையார் துணை. அவ்ளோதான்."

"பதிவாகலன்னா கூடவா?"

"நீ கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டா பதிவாயிடுமே. அப்புறம் அது பொய்யா இருக்காதே."

இப்படிப்பட்ட வாதத்துக்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் ஆர்த்தி சென்னையிலும் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். அரிசி ஆலை அடாப்டரில் மூன்று வரி எழுதினாள். செயலி என்ன பதில் கொடுத்தாலும், அது வேண்டாம் என்று கதறினாலும், வெளியே 'நல்லது' என்றே போகும். அந்த மூன்று வரிக்கு மேலே தனக்கே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டாள்: 'தற்காலிகம். சித்திரைப் பௌர்ணமிக்குள் எடுத்துவிட வேண்டும்.'

எடுக்கவில்லை. மறுநாளே மூர்த்தி மண்டபத்தில் பெரிய எல்இடி திரை வைக்கப்போவதாகச் சொன்னார். 'இன்று இணைந்த உள்ளங்கள்' என்று ஒரு எண் அதில் ஏறிக்கொண்டே போக வேண்டும், எண் மாறும்போது தாமரை மலர வேண்டும். தாமரை இதழ் விரிகிற வேகம் மூர்த்திக்குத் திருப்தியாக மூன்று வாரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை குளிக்கும்போது அந்த மூன்று வரி ஆர்த்திக்கு ஞாபகம் வந்தது. துவட்டிக்கொள்வதற்குள் தாமரை வந்துவிட்டது.

சித்திரைப் பௌர்ணமி அன்று காலை ஆறு மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. வெயில் ஏற ஏற, வெறுங்காலோடு நடந்தவர்கள் நிழல் கண்ட இடத்தில் எல்லாம் ஒதுங்கினார்கள். திரையில் எண் ஏறியது, தாமரை மலர்ந்தது. மூன்று மணிக்கு எண் நூற்றுத் தொண்ணூற்றாறு. நாலு மணிக்குச் சிறப்பு விருந்தினர், அதே அதிகாரி, 'கருணையும் கணினியும்' என்ற தலைப்பில் பேசுவதாக ஏற்பாடு.

மூன்றேகாலுக்கு வேடியப்பன் மண்டபத்தில் ஆர்த்தியின் மேசையைத் தேடி வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், பௌர்ணமியன்று மட்டும் அடி அண்ணாமலைப் பந்தலில் தொண்டன். பின்னாலேயே ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வந்தாள். கையில் மடித்த வெள்ளைச் சட்டை ஒன்றை வைத்திருந்தாள்.

"இவங்க பச்சையம்மா, மேடம். வூட்டுக்காரர தேடுறாங்க. காலைல பத்து மணிக்கு நான்தான் என் போன்ல ஏத்துனேன். இன்னும் இன்னான்னே தெரியல. இங்கேந்து தகவல் வரும், வரும்னு குந்த வச்சிருந்தேன்."

"எந்த ஊரும்மா?" என்று கேட்டாள் ஆர்த்தி.

"கீழ்பென்னாத்தூர் பக்கம். ஒம்போதரைக்கு அந்த நந்திகிட்ட தண்ணி வாங்கினு திரும்பினேன், ஆளக் காணோம். தருமன்னு பேரு. ஒரு வருசமா ஞாபகம் கம்மி. வெயில் தாங்காம சட்டைய கயட்டி எங்கிட்ட குடுத்தாரு. இந்தப் பையிலதான் என் நம்பர எழுதி வச்சிருக்கேன். இப்ப பாரு, நம்பரும் எங்கிட்டயே கீது."

ஆர்த்தி தருமன் என்று தேடினாள். இல்லை. கீழ்பென்னாத்தூர் என்று தேடினாள். இல்லை.

"நிச்சயமா அனுப்புனீங்களா வேடியப்பன்?"

"இன்னா மேடம் இப்படி கேக்கற." வேடியப்பன் போனை நீட்டினான். படம் பிடித்து வைத்திருந்தான். பச்சை எழுத்து. 'நல்லது. உங்கள் தகவல் பதிவாகிவிட்டது. அண்ணாமலையார் துணை.' கீழே நேரம், பத்து மணி எட்டு நிமிஷம். "நான் சும்மா பேர மட்டும் போடுற ஆள் இல்ல. அம்மா வச்சிருந்த போட்டோவையே படம் புடிச்சி, சேத்து அனுப்புனேன். பக்கத்துல மத்தவன்லாம் பேரு, வயசோட வுட்டுட்டான்."

படம் என்றதும் ஆர்த்திக்கு வெள்ளோட்டத்தில் அதிகாரி சேர்த்த படம் ஞாபகம் வந்தது.

நடந்ததையெல்லாம் செயலி தானே குறித்து வைக்கிற உள்பதிவைத் திறந்தாள். அரிசி ஆலை இயந்திரத்தின் சர்வர் பெரிய தகவலைத் தவணை தவணையாகக் கொடுக்கிற ஜாதி. அவளுடைய அடாப்டர் முதல் தவணையை வாங்கிக்கொண்டு, அவ்வளவுதான் என்று உள்ளே கொடுத்திருந்தது. பெயரும் வயதும் மட்டும் என்றால் முதல் தவணையிலேயே முடிந்துவிடும். படம் சேர்த்தால் முடியாது. படத்தில் பாதிதான் வந்திருக்கிறது, ஏற்க முடியாது என்று செயலி ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகச் சொல்லியிருந்தது. காலையிலிருந்து பத்தொன்பது தடவை. பத்தொன்பது தடவையும் அவளுடைய மூன்று வரி அதை வாங்கி, துடைத்து, பச்சை பூசி வெளியே அனுப்பியிருந்தது. அசட்டையாகப் பதிந்தவன் பதிந்ததெல்லாம் பதிவாகியிருந்தது. அக்கறையாகப் படம் சேர்த்தவன் பதிந்ததெல்லாம் காற்றில் போயிருந்தது.

பத்தொன்பது பேரில் நாலாவது பெயர் தருமன்.

"வேடியப்பன், எல்லாப் பந்தலுக்கும் போன் போடுங்க. வாயால கேளுங்க. அறுபத்து மூணு வயசு, வேட்டி, சட்டை இல்ல."

மூன்றாவது பந்தலிலேயே கிடைத்தது. செங்கம் சாலையில் பௌர்ணமிக்காகப் போட்டிருந்த தற்காலிகப் பஸ் நிலையத்துப் பந்தல். அங்கே தொண்டர் சுப்பிரமணி. ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். எதையும் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவதாக அவரைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். ஆர்த்தி போனை வாங்கிக்கொண்டாள்.

"ஆமாம்மா, பதினொன்றரைக்கு வந்தாரே. சட்டை இல்லாம நின்னாரு. மோர் குடுத்து உக்கார வச்சேன். யாராச்சும் தேடுறாங்களான்னு உன் செயலியில அஞ்சு தடவ பாத்தேன். யாரும் தேடல. அப்புறம் நானே விசாரிச்சி அனுப்பிட்டேன்."

"எங்க அனுப்பினீங்க?"

"பெங்களூருக்கு."

"பெங்களூருக்கா?"

"பெங்களூரான்னு கேட்டேன், ஆமான்னாரு. பையன் அங்க இருக்கானான்னேன், ஆமான்னாரு. தனியா போயிடுவீங்களான்னேன், போயிடுவேன்னாரு. நானே டிக்கெட் வாங்கி, ஜன்னல் சீட்டு புடிச்சி, ஒன்றரை வண்டியில ஏத்தி வுட்டேன். கண்டக்டர்கிட்ட சொல்லியும் வுட்டேன். ஏன், எதனா பிரச்சினையா?"

ஆர்த்தி போனைக் கையால் மூடிக்கொண்டு பச்சையம்மாளைப் பார்த்தாள். "அம்மா, பெங்களூர்ல உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

"பெங்களூரா? எங்களுக்கு ஒரே பொண்ணு. ஆரணியில கட்டிக் குடுத்திருக்கு."

சுப்பிரமணி பஸ் நிலையத்து நேரக் காப்பாளரைப் பிடித்து, அவர் அந்த வண்டி கண்டக்டரைப் பிடித்து, பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. சிங்காரப்பேட்டையில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். பெரியவர் இறங்கினார். ஏறவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை ஹாரன் அடிக்கச் சொல்லியிருக்கிறார். வண்டி இப்போது கிருஷ்ணகிரியை நெருங்கிக்கொண்டிருந்தது.

மூர்த்தி கசங்காத கைத்தறி ஜிப்பாவில் மேடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஆர்த்தி போய் நான்கு வாக்கியத்தில் சொன்னாள். அவர் கண்ணை மூடினார். அவள் ஒரு நிமிஷம் காத்திருக்கவில்லை.

"சார், பத்தொன்பது பேரோட பேரை திரையில போடணும், மைக்ல சொல்லணும். எனக்குக் கார் வேணும். சிங்காரப்பேட்டைக்கு."

"கார் விருந்தினரை அழைச்சிட்டு வரப் போயிருக்கு. ஆர்த்திம்மா, முதல்ல நீ நிதானமா மூச்சு விடு. பத்தொன்பதுல எத்தனை பேரு தானாவே சேர்ந்திருப்பாங்க? முக்காவாசி சேர்ந்திருப்பாங்க. பஸ்ல ஏத்திவிட்டது அந்த சுப்பிரமணி. அது மனுஷப் பிழை. செயலிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவர் செயலியப் பார்த்துட்டுதான் ஏத்தியிருக்காரு."

"அதை இப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லணுமா? அஞ்சு மணிக்கு விழா முடியுது. அப்புறம் அமைதியா..."

"அஞ்சு மணிக்கு இருட்ட ஒன்றரை மணி நேரம்தான் இருக்கும் சார்."

"திரையில சிவப்பா எதுவும் போடாதே. சொல்லிட்டேன்."

ஆர்த்தி தன் மேசைக்குத் திரும்பினாள். முதலில் அந்த மூன்று வரியை எடுத்தாள். எடுக்க ஆறு விநாடி ஆனது. பிறகு உள்பதிவிலிருந்து பத்தொன்பது பெயர்களை உருவி, படம் இல்லாமல் எல்லாவற்றையும் மறுபடி பதிந்து, பட்டியலைத் திரைக்கு அனுப்பினாள். எழுத்தின் நிறம் என்ன என்று திரையின் மென்பொருள் கேட்டது. கறுப்புப் பின்னணியில் தூரத்தில் நிற்கிறவரையும் திரும்பிப் பார்க்க வைக்கிற நிறம் ஒன்றுதான் இருந்தது.

சிறப்பு விருந்தினர் அப்போதுதான் மேடையேறி, "கணினிக்கு இதயம் உண்டா என்று கேட்பவர்களுக்கு" என்று ஆரம்பித்திருந்தார். பின்னால் தாமரை மறைந்து, 'காலையிலிருந்து பதிவாகாதவர்கள்' என்று சிவப்பாக வந்தது. "ஐயோ, எங்க மாமியாரு!" என்று ஒரு பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். இன்னொருவர் யாருக்கோ போன் போட்டுக் கத்தினார். கூட்டம் திரையை நோக்கி நகர்ந்தது. கணினியின் இதயம் பற்றிய சேதி பாதியில் நின்றது. மூர்த்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இதுவும் ஒரு பாடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஆர்த்தி வெளியே வந்துவிட்டாள்.

வேடியப்பன் ஆட்டோவைக் கிளப்பி வைத்திருந்தான். "சிங்காரப்பேட்டை வரைக்கும் என் வண்டி போனதில்ல மேடம். போவும். ஏறு."

செங்கம் தாண்டும் வரை பச்சையம்மாள் வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள். எதிரில் கிரிவலத்துக்கு வருகிற வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஆர்த்தி எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று விதமாக யோசித்துப் பார்த்தாள். மூன்றுமே மூர்த்தி பேசுகிற மாதிரி இருந்தது.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். காலைல பதிவாயிடுச்சுன்னு பச்சையா வந்துச்சே, அது பொய். பதிவாகவே இல்ல."

"மிசின் பொய் சொல்லுமா?"

"அது சொல்லாது. சொல்ற மாதிரி நான் எழுதி வச்சேன்."

பச்சையம்மாள் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட ஆர்த்திக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். புரியாமல்தான் பார்த்தாள்.

"எதுக்கும்மா அப்படி எழுதுன?"

"தேடி வர்றவங்க பதட்டப்படக்கூடாதுன்னு."

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"படலயே," என்றாள் பச்சையம்மாள். "பதட்டமே படல. பத்து மணிக்கு இந்தத் தம்பி பச்சையா காட்டுனான். சரி, ஊரு முச்சூடும் தேடுதுன்னு நெனச்சேன். அஞ்சு மணி நேரம் குந்திக்கினு இருந்தேன். தயிர் சோறு குடுத்தாங்க, துன்னேன். துன்னேம்மா நான். அது மட்டும் காட்டாம இருந்தா ஒவ்வொரு பந்தலா ஓடி இருப்பேன். அந்தப் பஸ் நிக்கிற எடம் அங்கேந்து எத்தினி தூரம்?"

"நடந்தா ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரம்," என்றாள் அந்த அம்மாள். மறுபடி ரோட்டோரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். வேடியப்பன் கண்ணாடியில் ஒரு தடவை ஆர்த்தியைப் பார்த்தான், பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டான்.

வழியில் ஆர்த்தியின் போனுக்கு மூர்த்தியின் செய்தி வந்தது. குழுவில் எல்லோருக்கும் போட்டிருந்தார். பத்தொன்பதில் பதினெட்டுப் பேர் உறவினர்களோடு சேர்ந்தாயிற்று, திரையில் எண் இருநூற்றைத் தாண்டிவிட்டது, உழைத்த அனைவருக்கும் வணக்கம். அந்தப் பதினெட்டில் பதினாறு பேர் மத்தியானத்துக்குள் தாங்களாகவே ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து, பட்டியல் ஏறும்போது வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அவர்களுக்கும் தாமரை மலர்ந்திருந்தது.

சிங்காரப்பேட்டைக்கு வந்தபோது மணி ஆறாகப் போகிறது. பஸ் நிற்கிற டீக்கடையில் விசாரித்தார்கள். கடைக்காரருக்கு ஞாபகம் இருந்தது.

"சட்டை இல்லாதவருதானே? டீ வேணுமான்னேன், வேணும்னாரு. குடிச்சாரு. வண்டி போயிடுச்சு. கொஞ்ச நேரம் நின்னாரு, அப்புறம் செங்கம் பக்கமா நடக்க ஆரம்பிச்சிட்டாரு. மூணு மணி இருக்கும்."

"நாம வந்த ரோடாச்சே," என்றான் வேடியப்பன். "எங்க வுட்டோம்?"

ஆட்டோவைத் திருப்பி மெதுவாக வந்தார்கள். பச்சையம்மாள் ஒரு பக்கம் பார்த்தாள், ஆர்த்தி ஒரு பக்கம். ஏழெட்டுக் கிலோமீட்டர் வந்திருப்பார்கள். ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே, புளியமரத்துக்குப் பின்னால், தார் போடுகிறவர்கள் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் ஒரு பீப்பாய் மேல் தருமன் உட்கார்ந்திருந்தார். யாரோ அவருடைய கால்களை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள்.

பச்சையம்மாள் ஓடவில்லை. இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக நடந்து போனாள். ஓடினால் அவர் பயந்துவிடுவார் என்று நினைத்தாளோ என்னவோ.

"தாரு சூட்டுல வெறுங்காலோட நடந்து வந்தாருங்க," என்றார் தார் போடுகிறவர்களில் ஒருவர். "பாதம் ரெண்டும் கொப்புளம். எந்த ஊருன்னு கேட்டோம், சொல்லத் தெரியல. தருமபுரியான்னா ஆமாங்கறாரு, வேலூரான்னா ஆமாங்கறாரு."

பச்சையம்மாள் அவர் எதிரில் குந்தினாள். "கால் நோவுதா?"

"நோவுது."

"பசிக்குதா?"

"பசிக்குது."

"வூட்டுக்குப் போலாமா?"

"போலாம்," என்றார் தருமன். நல்ல முகம். மரியாதையாகச் சிரித்தார். பந்தியில் பக்கத்து இலைக்காரரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

"என்னைத் தெரியுதா?"

"தெரியுது."

"யாரு நானு?"

தருமன் சிரித்துக்கொண்டே இருந்தார். தலையை மட்டும் ஆட்டினார், ஆமாம் என்று.

"காலைல கூட பச்சைன்னு பேரு சொல்லித்தாம்மா கூப்ட்டாரு," என்றாள் பச்சையம்மாள், திரும்பாமலேயே. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "தண்ணி வாங்கப் போகச்சொல்ல கூட, பச்சை, சீக்கிரம் வாடின்னாரு."

"வெயிலுதான். ராத்திரி தூங்கி எழுந்தா சரியாயிடும்," என்று ஆர்த்தி சொல்ல வாயெடுத்தாள். நல்ல வாக்கியம்தான். கேட்கிறவருக்கு அமைதி கொடுக்கிற வாக்கியம். அதைச் சொல்லாமல் விழுங்கினாள்.

"எனக்குத் தெரியலம்மா," என்றாள். "செங்கம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். என்ன நடந்துச்சுன்னு டாக்டர்கிட்ட நான் சொல்றேன்."

வேடியப்பனும் ஆர்த்தியும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்துத் தருமனைத் தூக்கினார்கள். ஆட்டோ கிட்டே வந்ததும், "ஏறுறீங்களா பெரியவரே?" என்றான் வேடியப்பன்.

"ஏறுறேன்," என்றார் அவர், எங்கே என்று கேட்காமல்.